கம்பத்துப் பன்னீர் திராட்சையும் எரிமலைச் சாம்பலும்

சாலைக் கடைத்தெருவில் பழக்கடைகளின் முன்வரிசையை அன்பர்கள் கவனித்திருப்பீர்கள். வெளிநாட்டு ஆப்பிள், அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்த சிவப்புத் திராட்சை, மகாராஷ்டிரத்துப் பச்சை நிற விதையில்லாத் திராட்சை ஆகியவை அங்கே வீற்றிருக்கின்றன. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை எங்கே என்று தேடினால், உந்துவண்டிக்காரரிடம் கிடைக்கும். அல்லது கடையின் ஓரத்தில், பிளாஸ்டிக் டிரேயின் அடியில், ‘கறுப்பு முந்திரி’ என்ற பெயரில் கிடைக்கும். நாற்பது ஆண்டுகளாகச் சாலையில் காய்கறிப் பை தூக்கி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், முன்பு அது முன்வரிசையில்தான் இருந்தது. இந்தப் பின்வரிசை மாற்றம் நமக்கு ஒரு சிறு விஷயமாகத் தோன்றலாம். அங்கே பந்தல் போட்டுக் கொடி வளர்க்கும் குடும்பங்களுக்கு அது வாழ்வா சாவா என்ற கேள்வி. அதைப் பற்றித்தான் இக்கட்டுரை. இடையில் ஒயின் என்ற சொல்லும் வரும். நம் இதழில் மதுவைப் பற்றியா என்று முகம் சுளிக்காமல் முழுவதும் படித்துவிட்டுப் பிறகு திட்டலாம்.

முதலில் அந்த ‘முந்திரி’ விவகாரம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக இங்கே குடிவந்தவர்கள் பாயசத்துக்கு முந்திரி கேட்டுக் கடைக்காரர் திராட்சையை நிறுத்த, விழித்துக்கொண்டு நின்ற கதை அநேகமாக நம் எல்லார் வீட்டிலும் உண்டு. மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. நாம் முந்திரிப்பருப்பு என்பது இவர்களுக்கு அண்டிப்பருப்பு. இதில் வேடிக்கை என்னவென்றால், நம் பழைய அகராதிகளிலும் திராட்சைக்குக் கொடிமுந்திரி என்றே பெயர். யாழ்ப்பாணத்தார் இன்றும் முந்திரிகைப்பழம் என்பார்கள். ஆக, நாம் மறந்த பெயரை மலையாளி காப்பாற்றி வைத்திருக்கிறார். சாலைக்காரர்கள் நம்மைத் திருத்தும்போது கோபப்பட நியாயமில்லை.

நான் தேனி மாவட்டத்துக்காரன். மதுரையில் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, செங்கோட்டை – கொல்லம் மீட்டர்கேஜ் பாதையில் தொடங்கி இந்தத் திருவனந்தபுரத்தில் ஓய்வு பெற்றவன். வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்தவன்தான் என்றாலும், மனைவி வழிச் சொந்தங்கள் இன்னும் காமயகவுண்டன்பட்டிப் பக்கம் பந்தலுக்கடியில்தான் நிற்கிறார்கள். ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் சொந்தப் பாசமும் கலந்திருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படிக்கவும்.

கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவே முல்லையாறு. சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று வரிசையாக ஊர்கள். ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கல்லுக்கால் நட்டு, அதன் மேல் கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே பந்தல். கொடி மேலே படர்ந்து, குலைகள் கீழே சரவிளக்கு மாதிரித் தொங்கும். மகாராஷ்டிரத்தில் திராட்சைக்கு ஒரு பருவம் உண்டு, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. நம் பள்ளத்தாக்கிலோ ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். கவாத்து செய்து சுமார் நான்கு மாதத்தில் அறுப்பு. அடுத்தடுத்த தோட்டங்களில் கவாத்து நாளை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள். உலகத்தில் இப்படி வருடம் பூராவும் திராட்சை அறுக்கிற இடங்கள் மிகச் சில.

இந்தத் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 2023இல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாப் பத்திரிகைகளும் அதையே எழுதின. எனக்கு இதில் ஒரு சின்னக் கணக்கு இடிக்கிறது. நம் பன்னீர் திராட்சை என்பது தாவர நூலில் மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் வகை. அது இங்கிலாந்தில் கண்ணாடி வீட்டுக்குள் இரண்டு வகைகளை இணைத்து உண்டாக்கப்பட்டது 1850 வாக்கில் என்று திராட்சை நூல்கள் கூறும். 1832இல் வந்த பாதிரியார் 1850இல் பிறந்த கொடியை எப்படிக் கொண்டுவந்திருப்பார்? அவர் வேறு ஏதேனும் கொடியைக் கொண்டுவந்திருக்கலாம், பன்னீர் பின்னால் வந்து சேர்ந்திருக்கலாம். எப்படியோ, பூசை ஒயினுக்கென்று வந்த கொடி சாப்பாட்டுப் பழமாகிக் கேரளம் முழுக்கப் பரவியது. ரோஜாப் பன்னீர் மாதிரி ஒரு வாசனை இருப்பதால் நம் மக்கள் வைத்த பெயர் பன்னீர்.

இப்போது கடல் தாண்டிப் போவோம். மூன்றாண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகள், குடும்பத்தோடு லான்சரோட்டே என்ற தீவுக்கு எங்களையும் அழைத்துச் சென்றாள். ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமானது, ஆனால் ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கானரித் தீவுகளில் ஒன்று. விமானத்திலிருந்து பார்த்தபோது நிலக்கரிக் கிடங்கு ஒன்று கடலில் மிதப்பது போல இருந்தது. பச்சை என்பதே இல்லை. ஆண்டு மழை 150 மில்லிமீட்டர் அளவுதான். திருவனந்தபுரத்தில் ஒரு நல்ல ஜூன் மாதத்தில் அதைவிட அதிகம் பெய்துவிடும்.

இந்தத் தீவில் 1730 செப்டம்பர் முதல் நாள் எரிமலை வெடிக்கத் தொடங்கி, 1736 வரை ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் விட்டு விட்டுக் கக்கியது. தீவின் கால் பங்கு தீக்குழம்பிலும் சாம்பலிலும் மூடிப்போனது. ஊர்கள் பல புதைந்தன. யாய்சா என்ற ஊரின் பாதிரியார் குர்பேலோ என்பவர் அதை நாளும் தேதியுமாகக் குறித்து வைத்தார். அதுவரை தானியம் விளைந்த பூமி அது. திரும்பி வந்த குடியானவர்கள் முன்னால் முழங்காலளவு, சில இடங்களில் ஆளை மறைக்கிற அளவு கறுப்புச் சாம்பல். வேறு யாராக இருந்தாலும் கப்பலேறியிருப்பார்கள். பலர் ஏறினார்கள் என்பதும் உண்மைதான். மிச்சமிருந்தவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சாம்பலைத் தோண்டிப் பழைய மண்ணைத் தொட்டு அங்கே ஒரு கொடியை வைத்தால், மழையில்லாமலே அது பிழைக்கிறது.

இதை நான் நேரில் பார்த்தேன். லா ஹேரியா என்ற பகுதி. மலைச்சரிவு முழுக்கக் கிண்ணம் கிண்ணமாகக் குழிகள். பெரிய குழி என்றால் இரண்டு மூன்று மீட்டர் ஆழம். குழிக்கு ஒரு கொடி, அதிகம் போனால் இரண்டு. காற்று வீசும் பக்கத்தில் அரைவட்டமாகக் கறுப்புக் கல்லை அடுக்கிய ஒரு சிறு சுவர், சாந்து கிடையாது. கொடி மேலே படராது, குழிக்குள்ளேயே குந்தியிருக்கும். பந்தலில் தொங்குகிற நம் கொடியைப் பார்த்த கண்ணுக்கு, இது ஏதோ சிறைப்பட்ட கொடி மாதிரி தெரிந்தது.

அந்தச் சாம்பலை ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தேன். சாம்பல் என்று நாம் சொல்கிறோமே தவிர அது விபூதி மாதிரி இல்லை. பட்டாணி அளவுக்குத் துளைத்துளையான பொறுக்குகள், தூக்கினால் கனமே இல்லை. எனக்கு உடனே நீராவி இன்ஜின் காலத்துச் சிண்டர்தான் ஞாபகம் வந்தது. யார்டுகளில் பழைய பாதைகளுக்கு இன்ஜின் சாம்பலையே பாலாஸ்டாகக் கொட்டி வைத்திருப்பார்கள். நாங்கள் பாலாஸ்ட் போடுவது தண்ணீர் நிற்காமல் ஓடிப்போவதற்கு. இவர்கள் அதே பொருளைத் தண்ணீரைப் பிடித்து வைப்பதற்குப் போட்டிருக்கிறார்கள். விஷயம் எளிது. மேலே உள்ள துளைப் பொறுக்கு, பெய்கிற நாலு துளியையும் கடற்காற்றில் வரும் இரவுப் பனியையும் உடனே கீழே விட்டுவிடும். கீழே போன ஈரம் மறுபடி மேலே ஏறி ஆவியாக வழியில்லை, ஏனென்றால் பொறுக்குகளுக்கு இடையில் காற்று இருக்கிறது. அது நம் ஓலைக்கூரைக்குள் இருக்கும் காற்று மாதிரி வெயிலைத் தடுத்துவிடும். எந்தப் பொறியியல் கல்லூரியும் இல்லாத காலத்தில் குடியானவர்கள் கண்டுபிடித்த வித்தை. அதைப் பார்க்கவாவது அங்கே போனது வீண் போகவில்லை.

அங்கே எல் கிரிஃபோ என்ற ஒயின் பண்ணை இருக்கிறது. 1775இல் தொடங்கியது. கானரித் தீவுகளிலேயே பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஒரே குடும்பத்தின் வசம் இருக்கிறது. எரிமலைக் கல்லால் கட்டிய பழைய கட்டடத்தில் மரப்பிழிவான்களையும் பீப்பாய்களையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1775 என்றதும் எனக்கு நம் சாலை நினைவுக்கு வந்தது. ராஜா கேசவதாஸ் திவானாக இருந்து இந்தக் கம்போளத்தை உண்டாக்கியதும் அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான். கரமனை ஆறும் கிள்ளியாறும் கடந்து, மலையிலிருந்தும் பாண்டி நாட்டிலிருந்தும் சரக்கு வந்து சேரட்டும் என்று தெருவை அமைத்தார். அந்தச் சரக்கோடு வந்தவர்கள்தான் நம் முன்னோர்கள். இந்தத் தெருவிலேயே பாத்திரக்கடை வைத்துக்கொண்டு இந்தத் தெருவையே கதைகளாக எழுதி, 2015இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்ற ஆ. மாதவன் அவர்களை (2021இல் காலமானார்) நம்மில் பலர் கடையிலேயே பார்த்துப் பேசியிருக்கிறோம். தாத்தா வைத்த கடையைப் பேரன் நடத்துவது என்பது நமக்குப் புதிதல்ல. குடும்பத் தொழில் எப்படிப் பிழைக்கும், எப்படிச் சாகும் என்பது சாலைக்காரனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லான்சரோட்டேக் குழிகளில் ஒரு ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு டன் பழம் தேறினால் பெரிது. எல்லா வேலையும் கையால். எந்திரம் குழிக்குள் இறங்காது. நம் பன்னீர் திராட்சைக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் விளைச்சல் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 30 டன். அவர்களிடம் மண் இல்லை, மழை இல்லை, ஆறு இல்லை. நம்மிடம் மூன்றும் இருக்கின்றன. ஆனால் அவர்கள் 250 ஆண்டுகளாக நிற்கிறார்கள். என் மைத்துனர் தோட்டத்தை அழித்துவிட்டுத் தென்னை வைக்கலாமா என்று யோசிக்கிறார்.

சென்ற தைப்பொங்கலுக்குப் போயிருந்தபோது அவரிடம் கேட்டேன். “கொடிக்கு என்ன குறை மச்சான்? அதுபாட்டுக்குக் காய்க்குது. காய்ச்சத எத்தன நாளைக்கு வச்சிருக்க முடியும், அதச் சொல்லுங்க” என்றார். முழு விஷயமும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. பன்னீர் திராட்சையின் தோல் மெல்லியது. அறுத்த மூன்றாம் நாள் காம்பிலிருந்து உதிரத் தொடங்கும். அறுப்பு நேரத்தில் மழை பிடித்தால் கொடியிலேயே வெடிக்கும். ஆகவே வியாபாரி தோட்டத்துக்கு வந்து என்ன விலை சொல்கிறாரோ அதற்குத் தலையாட்டியாக வேண்டும். “இன்னைக்கு வேண்டாம், அடுத்த வாரம் பாத்துக்கலாம்”னு சொல்ல முடியாத எந்த விவசாயியும் விலை பேச முடியாது. அவர் சொன்ன கணக்கில் தோட்டத்து விலை கிலோவுக்கு 25, 30 என்று இறங்கிய நாட்களில், இங்கே சாலையில் நான் 80 கொடுத்து வாங்கியிருக்கிறேன். நடுவில் உள்ளவர்கள் எல்லாரும் கொள்ளைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. லாரி வாடகை, கமிஷன், உதிர்ந்தது போக மிச்சம் என்று அவர்களுக்கும் கணக்கு உண்டு. ஆனால் மருந்தடிப்பு, கவாத்துக் கூலி, துருப்பிடித்த கம்பி மாற்றுவது எல்லாம் தோட்டக்காரர் தலையில். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை என்று ஒன்று அடிப்பார்கள். அடிச்சாம்பல் நோய்க்கு அதுதான் பழைய மருந்து. அதுவும் 1880களில் பிரான்சின் ஒயின் தோட்டத்தில் பிறந்ததுதான். அவர்களிடமிருந்து கொடியை எடுத்துக்கொண்டோம், மருந்தை எடுத்துக்கொண்டோம். பழத்தைச் சேமித்து வைக்கும் முறையை மட்டும் விட்டுவிட்டோம்.

ஒயின் என்பது என்ன? அழுகிப்போகும் பழத்தை அழுகாத சரக்காக மாற்றுகிற ஒரு வழி. அவ்வளவுதான். லான்சரோட்டேக்காரர் அறுத்த வாரமே விற்கவேண்டிய கட்டாயத்தில் இல்லை. பீப்பாயில் வைத்துவிட்டு விலைக்காகக் காத்திருக்கலாம். உலர்திராட்சை, பழச்சாறு, காடி எல்லாமே அதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் பன்னீர் திராட்சையில் விதை இருப்பதால் உலர்திராட்சைக்கு எடுபடாது. சாறுக்கும் ஜாமுக்கும் நல்லது. ஒயினுக்கும் ஆகும். கிரீஸ் நாட்டில் தீர்னவோஸ் என்ற ஊரிலும், சீனாவில் தியான்ஜின் பக்கத்திலும் இதே மஸ்கட் ஹாம்பர்க்கை வைத்து மதுத்தொழில் நடக்கிறது. ஒரே நிபந்தனை, கொடியில் குலையைக் குறைக்க வேண்டும். 30 டன் ஆசைப்பட்டால் சர்க்கரை ஏறாது, வாசனையும் தங்காது. பாதி விளைச்சலுக்கு இரட்டை விலை கிடைக்கும் என்ற உறுதி இருந்தால்தான் எந்த விவசாயியும் அந்தத் துணிச்சலுக்கு வருவார்.

இங்கே ஒரு தடங்கல். ஒரு குடும்பம் தன் தோட்டத்துப் பழத்தில் நூறு புட்டி ஒயின் எடுத்துத் தோட்டத்து வாசலிலேயே விற்பது என்பது லான்சரோட்டேயில் சாதாரணம். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். சின்னக் குடும்பத்தான் அந்த வாசலில் போய் நின்று எப்படிச் சமாளிப்பான்? கேரளத்தில் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் வீட்டுக்கு வீடு ஜாடியில் முந்திரி ஒயின் போடுகிறார்கள். அதற்கு வாங்கும் பழம் பெரும்பாலும் நம் பன்னீர்தான். 2019 டிசம்பரில் கலால் துறை, உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் தயாரிப்பது குற்றம் என்று நினைவூட்டிச் சுற்றறிக்கை விட, ஊரே திடுக்கிட்டது. பிறகு 2022இல் சிறிய ஒயின் ஆலைகளுக்குக் கேரள அரசு விதி வகுத்தது. ஆனால் அது கேரளத்தில் விளையும் பழங்களுக்கு. மகாராஷ்டிரம் 2001லேயே திராட்சைக்கென்று தனித் தொழில் கொள்கை அறிவித்து வரிச்சலுகை கொடுத்து, விஞ்சூரில் ஒயின் பூங்கா அமைத்தது. நாசிக்கின் பெயர் இன்று வெளிநாட்டில் தெரிகிறது. நாசிக் கறுப்பு மண்ணும் ஒரு காலத்து எரிமலைக் குழம்பு உறைந்ததுதான், சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. ஆக, எரிமலை மண்ணில் ஒயின் என்பது நம் நாட்டிலும் இருக்கிறது. அங்கே அரசு குறுக்கே நிற்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

நம் சங்கத்துத் தாய்மார்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். போன மகளிர் கூட்டத்தில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னதற்கே ஒரு அம்மையார், “ஏற்கெனவே தெருவுக்கு ஒரு கடை, இதில் தோட்டத்துக்கு ஒரு கடையா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. நான் குடிப்பழக்கம் இல்லாதவன். கேங்மேன்களின் சம்பளநாளைப் பல ஆண்டுகள் பார்த்தவன். சம்பளம் வீடு போய்ச் சேராமல் மனைவிமார் பிள்ளைகளோடு அலுவலக வாசலில் காத்து நின்றதையும் பார்த்தவன். ஆகவே மதுவைப் பற்றி எனக்கு எந்த மயக்கமும் கிடையாது. ஆனால் அந்த மனிதர்களைக் கெடுத்தது திராட்சைத் தோட்டம் அல்ல, மலிவுச் சாராயம். தோட்டத்துக்குக் குடும்பத்தோடு வந்து பார்த்து ஒரு புட்டி வாங்கிப் போகிறவனும், விடிந்ததும் கடை வாசலில் நடுக்கத்தோடு நிற்பவனும் ஒன்றல்ல. தோட்டத்து வாசலில் மட்டும், அளவு கட்டி, கூட்டுறவு மூலம் விற்பது என்று வைத்தால் பாதகம் இராது என்பது என் கருத்து. அதையும் ஏற்க மனமில்லை என்றால், சாறு ஆலையாவது குளிர்பதனக் கிடங்காவது ஊருக்கு ஊர் வரட்டும். எனக்கு வேண்டியது விவசாயி ‘இன்றைக்கு விற்க மாட்டேன்’ என்று சொல்லக்கூடிய நிலைமை. அது ஒயினால் வந்தால் என்ன, ஐஸ் அறையால் வந்தால் என்ன.

புவிசார் குறியீடு வந்துவிட்டதே என்பார்கள் சிலர். வந்தது மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால்தான் பெயருக்கு மதிப்பு. லான்சரோட்டேக்கு 1993லேயே தனி ஒயின் முத்திரை உண்டு. அந்த முத்திரை இருக்கிறதா என்று புட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறார்கள், அதனால் விலை நிற்கிறது. சாலையில் எந்தக் கடைக்காரரிடமும் ‘கம்பம் பன்னீர்’ இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? நம் பிள்ளைகளுக்கு விதை துப்பச் சோம்பல். விதையில்லாததுதான் உயர்ந்தது என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. என் பேரனுக்கு விதை துப்பக் கற்றுக்கொடுக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இப்போது யார் தூரமாகத் துப்புவது என்று மொட்டை மாடியில் போட்டியே நடக்கிறது. அவன் அம்மாவுக்குத்தான் பெருக்குகிற வேலை.

முல்லைப் பெரியாறு பற்றிப் பேசாமல் கம்பத்தைப் பற்றி எழுத முடியாது. கேரளத்தில் வாழும் தமிழர்களுக்கு அது பேசுவதற்குக் கூச்சமான பொருள். ஆனாலும் சொல்கிறேன். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையிலிருந்து சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பிய தண்ணீர்தான் அந்தப் பள்ளத்தாக்கை நனைக்கிறது. அந்தத் தண்ணீரில் விளைந்த திராட்சையின் பெரும் வாடிக்கையாளர் கேரளம். 2011 டிசம்பரில் இரு மாநிலத்திலும் கிளர்ச்சி வெடித்துக் குமுளிப் பாதை அடைபட்டபோது, காய்கறி லாரிகள் மலையேறவில்லை. மைத்துனர் பழத்தை மாட்டுக்குக் கொட்டினார். இங்கே என் தெருவில் காய்கறி விலை ஏறி மலையாளி, தமிழர் என்று பார்க்காமல் எல்லாரும் முணுமுணுத்தோம். அணையின் உறுதி பற்றி வல்லுநர்கள் பேசட்டும், நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். தண்ணீர் அங்கே போய்ப் பழமாக இங்கே திரும்பி வருகிறது என்ற சின்ன உண்மையை மட்டும், பக்கத்து வீட்டு மலையாள நண்பரிடம் ஒரு குலை திராட்சையைக் கொடுத்துக்கொண்டே சொல்லலாம். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். “அதும் சரியாணல்லோ” என்றார், பழத்தையும் வாங்கிக்கொண்டார்.

ரயில்வேக்காரன் ரயிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். மதுரை – போடி பாதை 1928இல் வந்தது. போர்க்காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போய், பிறகு 1950களில் மீண்டும் போட்டார்கள். 2010 முடிவில் அகலப்பாதைக்காக மூடப்பட்டது, திரும்ப ரயில் போடிக்கு வந்தது 2023 ஜூனில். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல்! மலையைக் குடைந்த வேலையும் அல்ல, பெரும்பாலும் இருக்கிற பாதையை அகலப்படுத்துவதுதான். போடியிலிருந்து கம்பம் வழியாக லோயர் கேம்ப் வரை பாதை வேண்டும் என்ற கோரிக்கை என் தலைமுறைக்கும் முந்தியது. 2020 ஆகஸ்டில் நாசிக் அருகே தேவ்லாலியிலிருந்து முதல் கிசான் ரயில் பீகாருக்குக் கிளம்பியபோது, அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். கம்பத்துப் பழத்துக்கு இன்றும் லாரியும் மலைப்பாதையும்தான் கதி. ஒவ்வொரு குலுக்கலிலும் பத்துப் பழம் உதிரும்.

அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். நம் சங்கம் செய்யக்கூடியதாக எனக்குத் தோன்றுவதைச் செயற்குழுவுக்குத் தெரிவிக்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கட்டடத்தில் கம்பத்துத் தோட்டக்காரர்களிடமிருந்து நேராக ஒரு சிறிய வண்டிப் பழம் இறக்கலாம். அவர்கள் சனிக்கிழமை மாலை அறுத்தால் ஞாயிறு காலை இங்கே வந்துவிடும். கமிஷன் இல்லை என்பதால் தோட்டக்காரருக்குக் கிலோவுக்கு 50 கொடுத்து, நாம் 65க்கு வாங்கலாம், வாடகையும் கட்டுப்படியாகும். உறுப்பினர்கள் முன்கூட்டியே எத்தனை கிலோ என்று பெயர் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்சப்பட்ட பழத்தை வைத்துக்கொண்டு செயலாளர் முழிக்க வேண்டிவரும். சாலைக் கடைக்காரர்களுக்கு இதனால் போட்டி என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்களில் பாதிப்பேர் நம் உறுப்பினர்கள்தான். அவர்களே முன்வந்து ‘கம்பம் பன்னீர்’ என்று பலகை எழுதிக் கடை முன்வரிசையில் வைத்தால், வண்டியே தேவையில்லை. மலையாளத்திலும் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். என் மைத்துனரும் அவருடைய பக்கத்துத் தோட்டத்தார் மூவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த அறுப்பு மாசியில். விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் உள்ள நோட்டில் பெயரும் கிலோவும் எழுதவும். டிரேக்களைக் கட்டாயம் திருப்பித் தரவேண்டும்.